வாக்கியத்தை வெட்டினால் பாடம் எளிதாகுமா?

ஆங்கிலப் பாடத்தை மாணவர் தரத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் ஆசிரியர்களிடையே சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்யும் அந்த மாற்றங்களே பல நேரம் வாசிப்பைக் கடினமாக்கிவிடுகின்றன.

நம்பிக்கை: நீண்ட வாக்கியங்களைத் துண்டாக்கினால் எளிதில் புரியும்.

உண்மை: வெட்டும்போது முதலில் உதிர்வது 'பிகாஸ்', 'ஆல்தோ', 'ஸோ' போன்ற இணைப்புச் சொற்கள்தான். "வெள்ளத்தில் பாலம் மூழ்கிவிட்டதால், தபால்காரர் படகில் வந்து கடிதத்தைக் கொடுத்தார்" என்று ஒரு கதையில் வருவதாக வைத்துக்கொள்வோம். வெட்டியபின்: வெள்ளம் வந்தது. பாலம் மூழ்கியது. தபால்காரர் படகில் வந்தார். கடிதத்தைக் கொடுத்தார். எதனால் எது நடந்தது என்பதை இனி மாணவரேதான் ஊகிக்க வேண்டும். தாய்மொழியில் இந்த ஊகம் தானாக நடந்துவிடும். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. போர்ட்டோ ரிக்கோ மாணவர்களிடம் எய்லீன் பிளாவ் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வில், குட்டை வாக்கியங்கள் புரிதலுக்குக் கைகொடுக்கவில்லை.

இன்று பலரும் கணினி தரும் 'வாசிப்பு எளிமை' மதிப்பெண்ணை நம்பி வெட்டுகிறார்கள். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்த புகழ்பெற்ற சூத்திரம் எண்ணுவது வாக்கிய நீளத்தையும் சொற்களின் அசைகளையும் மட்டுமே. காரண காரியத் தொடர்பு அதன் கண்ணில் படாது.

நம்பிக்கை: பெரிய சொல்லை எடுத்துவிட்டுச் சின்னச் சொல்லைப் போட்டால் போதும்.

உண்மை: 'டாலரேட்' கடினம் என்று நினைத்து 'புட் அப் வித்' என்று மாற்றுகிறோம். மூன்றும் சிறுவர்கள் அறிந்த சொற்களே. ஆனால் சேர்ந்து தரும் பொருளை எந்தச் சொல்லிலிருந்தும் பிடிக்க முடியாது. அதைவிட நல்ல வழி, சொல்லை விட்டுவைத்து விளக்கத்தைப் பக்கத்திலேயே சேர்ப்பது. 'டிராட்' என்ற சொல் வந்தால், "மூன்று ஆண்டுகளாக மழையில்லை, வயல்கள் வெடித்துக் கிடந்தன" என்று அடுத்த வரியே சொல்லிவிடட்டும். பாடம் சற்று நீளும், ஆனால் புதுச் சொல் ஒன்று பிள்ளைக்கு மிஞ்சும். யானோ, லாங், ராஸ் மூவரும் ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் 483 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி விரித்தெழுதிய பாடத்தைப் படித்தவர்கள், எளிமையாக்கிய பாடத்தைப் படித்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே புரிந்துகொண்டார்கள்.

நம்பிக்கை: மாற்றி எழுதியது உண்மையான ஆங்கிலமே அல்ல, மூலத்தைத்தான் படிக்க வேண்டும்.

உண்மை: நூறு சொற்களில் ஏறக்குறைய 98 தெரிந்திருந்தால்தான் துணையின்றிப் புரிந்து படிக்கலாம் என்கின்றன பால் நேஷன் போன்றோரின் ஆய்வுகள். தொடக்கநிலை மாணவருக்கு மூல நாவலில் அது வாய்க்காது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்காக 1920களிலேயே சொற்களை அளந்து வாசிப்பு நூல்கள் எழுதியது இதை உணர்ந்துதான். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையின் முதல் நிலை இன்றும் 400 அடிப்படைச் சொற்களுக்குள் முழுக் கதையே சொல்லிவிடுகிறது.

ஆசிரியர்களே, அடுத்த பாடத்தைத் திருத்தும்போது ஒரு பத்தியில் மட்டுமாவது 'பிகாஸ்'களை அப்படியே விட்டுவையுங்கள். பிறகு மாணவர்களிடம் "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.