இல்லாமை குடியிருக்கும் இடம்

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பகுதி கரும்பும் மாவும் விளையும் பூமி. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புறம். அங்கே கரும்பை நம்பி வாழும் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் ஓராண்டை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

நட்ட கரும்பு வெட்டுக்கு வர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிறது. வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்ததும் வீட்டில் ஒரு தெளிவு பிறக்கிறது. கடன் அடைகிறது, அடகு வைத்த நகை திரும்புகிறது. மாதங்கள் செல்லச் செல்லக் கை வற்றுகிறது. அடுத்த வெட்டுக்கு முந்தைய நாட்களில் பள்ளிக் கட்டணம், உரம், மருந்து என ஒவ்வொன்றும் மலையாக நிற்கிறது. அப்போது அதே மனிதர் எடுக்கும் முடிவுகளும் மாறிவிடுகின்றன. கிடைத்த வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வியாபாரியிடம் முன்பணம் பெற்று, விலை பேசும் உரிமையை இழக்கிறார். பார்ப்பவர்கள் அவரை "விவரம் போதாதவர்" என்கிறார்கள். உண்மையில் குறைந்தது அவரது அறிவுதானா?

ஒரே மனிதர், இரு நிலைகள்

எல்லைக்கு இப்பால், தமிழகத்தின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் எழுப்பினர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரின் அந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றனர். அறுவடைக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையுமாக அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறனையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகள் தரப்பட்டன.

அறுவடைக்கு முன் 100-க்கு 78 பேர் எதையேனும் அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேர் மட்டுமே. வடிவங்களின் ஒழுங்கைக் கண்டறியும் சோதனையில், அறுவடைக்குப் பின் அவர்கள் அளித்த சரியான விடைகள் ஏறத்தாழக் கால் பங்கு கூடியிருந்தன. ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கவலையின் பாரம் மட்டுமே இறங்கியிருந்தது. இந்த ஆய்வின் முடிவுகளை எவ்வளவு தூரம் விரித்துக் கொள்ளலாம் என்பது பற்றி அறிஞரிடையே பின்னர் விவாதங்கள் எழுந்தன. எனினும் அது காட்டும் திசை சிந்திக்கத் தக்கது. பற்றாக்குறை அறிவை அழிப்பதில்லை. அறிவு வேலை செய்ய வேண்டிய இடத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. இன்றைய தவணையையே நோக்கும் கண்ணுக்கு நாளைய நன்மை தெரிவதில்லை.

ஆகவே, வறுமையில் வாடுபவரைப் பார்த்து, "உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் பணம் சேரவில்லை" என்று கூறுவது அறிவுடைமையும் ஆகாது, அறமும் ஆகாது. 1893 செப்டம்பர் 20 அன்று, சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் இதையே சுட்டிக்காட்டினார். பசித்திருக்கும் மக்களுக்கு உணவை விட்டுச் சமயத்தைப் போதிப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்பது அவர் கருத்து. கையில் உள்ள இல்லாமைக்கு மருந்து உபதேசம் அன்று, உதவியே.

ஏழாவது ஜாடி

ஆனால் பணம் வந்த பின்னும் தீராத இல்லாமை ஒன்று உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதை ஒன்று அதை விளக்குகிறது.

அரண்மனையில் முடிதிருத்தும் ஒருவன் ஒரு மரத்தடியில் செல்கையில், "ஏழு ஜாடிப் பொன் வேண்டுமா?" என்று ஒரு குரல் கேட்டது. அவனும் ஆசையோடு சம்மதித்தான். வீடு சென்று பார்த்தால் ஆறு ஜாடிகள் நிறைந்திருந்தன. ஏழாவது மட்டும் பாதியாக இருந்தது. அதை நிரப்பிவிட வேண்டும் என்ற ஆவல் அவனைப் பற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த நகைகளை உருக்கிப் போட்டான், நிரம்பவில்லை. வயிற்றைக் கட்டினான், அப்போதும் நிரம்பவில்லை. அரசர் ஊதியத்தை இருமடங்காக்கினார். அதுவும் ஜாடிக்குள் மறைந்தது. இறுதியில் பிச்சையும் எடுக்கலானான். அவனது வாட்டத்தைக் கண்ட அரசர், "யட்சனின் ஏழு ஜாடிகளை வாங்கிக்கொண்டாயோ? அந்தச் செல்வத்தைச் செலவழிக்க இயலாதே! உடனே திருப்பிக் கொடுத்துவிடு" என்றார். அவ்வாறே அவன் கொடுத்தபோது, ஏழு ஜாடிகளோடு அவன் வாழ்நாள் உழைப்பும் சேர்ந்தே போயிற்று.

நிறைந்த ஆறு ஜாடிகளை அவன் பார்க்கவே இல்லை என்பதே இக்கதையின் உயிர்நிலை. கரும்பு விவசாயியின் பாரம் அறுவடையோடு இறங்கிற்று. இவனது பாரமோ வருவாய் கூடக் கூட வளர்ந்தது. முன்னதில் இல்லாமை கையில் இருந்தது. பின்னதில் மனத்தில் குடியேறிவிட்டது.

கிருபணன் யார்?

மனத்தில் குடியேறிய இந்த இல்லாமைக்குச் சாஸ்திரங்கள் 'கார்பண்யம்' என்று பெயரிட்டுள்ளன. அதை உடையவன் கிருபணன். கருமி என்றும் இரங்கத்தக்கவன் என்றும் இச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அழிவற்ற பொருளை அறியாமல் இவ்வுலகை விட்டுச் செல்பவன் கிருபணன் என்று பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் கார்கியிடம் கூறுகிறார். தன்னுள் நிறைவு இருந்தும் அதை அறியாதவன் என்பது கருத்து.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் கலக்கத்தைக் கார்பண்யம் என்றே குறிப்பிடுகிறான். பலனையே எண்ணிச் செயல்படுபவர்கள் கிருபணர்கள் என்கிறார் பகவான். அடுத்த சுலோகத்திலேயே, யோகம் என்பது செயலில் திறமை என்று உரைக்கிறார். இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பது சிந்தனைக்குரியது. கிடைக்குமோ கிடைக்காதோ என்று நடுங்கும் மனம் பலனிலேயே சிக்கி, செய்யும் வேலையை நழுவவிடுகிறது. அந்த நடுக்கம் தணிந்தால் கவனம் வேலைக்குத் திரும்புகிறது, திறமை வெளிப்படுகிறது. எனவே பற்றின்மை வெற்றிக்குப் பகை அன்று, துணையே.

அளசிங்கப் பெருமாளின் வாழ்க்கை இதற்குச் சான்று. சென்னையில் சாதாரண ஊதியம் பெற்ற ஆசிரியர் அவர். குடும்பப் பொறுப்புகளும் இருந்தன. "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் சுவாமிஜியின் அமெரிக்கப் பயணத்திற்காக வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். 1893 மே 31 அன்று சுவாமிஜி பம்பாயிலிருந்து கப்பலேறினார். அளசிங்கரின் கை சிறிது. மனமோ சிறிதும் வறுமைப்படவில்லை.

சாதனை

முதலாவது, பணம் வந்த மாதத்திலேயே வறண்ட மாதத்திற்கு உரியதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மனம் தெளிந்திருக்கும் காலமே முடிவெடுக்க ஏற்ற காலம்.

இரண்டாவது, நெருக்கடி வேளையில் பெரிய முடிவு எதையும் உடனே எடுக்காமல், ஓர் இரவு பிரார்த்தனையில் வைத்துவிட்டு, மறுநாள் நம்பிக்கைக்குரிய ஒருவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு சிறிதாயினும் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுத்துவர வேண்டும். ஒரு பிடி அரிசியாயினும் போதும். கொடுக்கும் கை, "என்னிடம் ஒன்றுமில்லை" என்று புலம்பும் மனத்திற்குத் தானே விடை சொல்கிறது.

நான்காவது, வசதி உள்ளவர்களுக்கு உரியது. அறுவடை முடிந்த வீட்டில் விருந்துண்பதைக் காட்டிலும், அறுவடைக்கு முந்தைய மாதத்தில் அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவது சிறந்த வழிபாடு. அது பணத்தை மட்டும் தருவதில்லை. ஒரு மனிதருக்கு அவரது தெளிந்த சிந்தனையையே திருப்பித் தருகிறது.

சிந்தனைக்கு

1. என் குறை கையில் உள்ளதா, மனத்தில் உள்ளதா?

2. நிறைந்திருக்கும் என் ஆறு ஜாடிகள் எவை? நான் நிரப்பப் போராடும் ஏழாவது ஜாடி எது?

3. இந்த மாதம் யாருடைய பாரத்தை என்னால் சிறிது இறக்கி வைக்க முடியும்?