கருவூலத்தின் இரட்டைப் பூட்டு

கிராமசபைக் கூட்டங்களில் தவறாது எழும் வினா ஒன்று உண்டு. "வேலை முடிந்துவிட்டது, பட்டியலும் அனுப்பியாயிற்று, பணமும் அரசாங்கத்திடம் இருக்கிறது. பின் ஏன் கருவூலத்தில் தடை சொல்லுகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்களே. அரசாங்கப் பொக்கிஷத்துக்கு ஒரு பொக்கிஷதார் இருப்பார், அவர் மனம் வைத்தால் பணம் வரும், மனம் வைக்காவிட்டால் வராது என்னும் எண்ணம் அவ்வினாவினுள் மறைந்திருக்கிறது. நம் மாநில அரசில் அத்தகைய தனி மனிதர் எவரும் இல்லை. வரி வாங்குபவர் ஒருவர். பணத்தைக் காப்பவர் வேறொருவர். செலவுக்கு ஆணையிடுபவர் மற்றொருவர். கணக்கைத் தணிக்கை செய்பவர் இவர்கள் எவருக்கும் கட்டுப்படாதவர். இப்பிரிவினை எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிந்துகொண்டால், கருவூலத்தார் கூறும் தடையின் பொருள் விளங்கும். நம் ஊராட்சியின் ரொக்கப் புத்தகத்தை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதும் விளங்கும்.

வருவாயைத் திரட்டுவோனும் அதனைக் காப்போனும் ஒருவனாக இருத்தலாகாது என்பது மிகப் பழைய அறிவு. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் திரட்டும் அதிகாரியைச் சமாகர்த்தா என்றும், காக்கும் அதிகாரியைச் சந்நிதாதா என்றும் இரு வேறு பதவியினராகவே கூறுகிறது. அரசன் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்றும் அந்நூல் எண்ணிக் காட்டுகிறது. (அந்நூலாசிரியருக்கு அலுவலக அனுபவம் நிரம்ப இருந்திருக்க வேண்டும்.) இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் 'பெரும் பொருளாளர்' என்னும் தனிப் பதவி மிக்க செல்வாக்குடன் விளங்கியது. 1714-க்குப் பின் அப்பதவி எந்த ஒருவருக்கும் அளிக்கப்படவில்லை. அதன் அதிகாரம் ஒரு குழுவிடமே இருந்து வருகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மாநிலப் பொருளாளரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆங்கும் செலவுக்கு அனுமதி தருவது சட்டமன்றமே.

உத்தரமேரூர்ச் சபையார் செய்த ஏற்பாடு

நம் தமிழகத்துச் சான்று இவற்றினும் நமக்கு அண்மையானது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். குடவோலை முறையைப் பற்றி மேடைகளில் பலரும் பேசுகின்றனர். ஆனால் அக்கல்வெட்டில் கணக்கைப் பற்றிக் கூறப்பட்டுள்ளவற்றை எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியவனல்லன். அவன் மட்டுமன்று, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியை இழந்தனர். ஊர்க்கணக்கு எழுதுவோனும் தன் காலத்துக் கணக்கைப் பெருங்குழுவினரிடம் ஒப்படைத்து, அவன் தூயவன் என்று அவர்கள் கூறிய பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்புவிக்க வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்துவைக்கக் கூடாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் எனப் பொறுப்புகளும் பகுக்கப்பட்டிருந்தன.

சோழர் காலத்து ஊர்களில் மற்றொரு பழக்கமும் இருந்தது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாக அளிப்பர். இடையர் அவற்றை ஏற்று, நாள்தோறும் குறித்த அளவு நெய் அளப்பர். ஆடுகளின் எண்ணிக்கை குறையலாகாது. இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்துவிடும் என்பது கணக்கு. விளக்குக்குக் கொடுத்த ஆட்டின் நெய்யை மதில் கட்டுவதற்கு மாற்றிவிட முடியாது. ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கிய நிதியை மற்றொன்றுக்குத் திருப்பலாகாது என்று இன்று நாம் ஆணைகளில் எழுதுவதும் இதுவே.

தாலுகா கஜானா

ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்டத் தலைவருக்குக் கலெக்டர் என்னும் பெயர் ஏற்பட்டதே அவர் வரி தண்டுபவர் என்பதனால்தான். கிரிவலப் பாதையில், நகரத்துக்கு மறுபுறமாக அமைந்துள்ள அடி அண்ணாமலையின் உழவர் ஒருவர் அந்நாளில் செலுத்திய நிலவரி எவ்வழியே சென்றது என்று பார்ப்போம். கிராம முன்சீப் கிஸ்தியைத் தண்டுவார். கர்ணம் கணக்கில் பதிவார். பணம் வாங்குபவர் முன்சீப், எழுதுபவர் கர்ணம் என்னும் பிரிவினை ஊரிலேயே தொடங்கிவிட்டது. தண்டிய தொகையை இர்சால் செய்து, அதாவது அனுப்புச் சீட்டுடன் சேர்த்துத் திருவண்ணாமலைத் தாலுகா கஜானாவில் கட்டுவர். 1911 வரை திருவண்ணாமலைத் தாலுகா தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால் கணக்கு கடலூருக்குச் சென்றது. அதன்பின் வடார்க்காட்டுத் தலைநகராகிய வேலூருக்குச் சென்றது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு மாவட்டக் கருவூலமும் இங்கேயே அமைந்தது. முன்சீப், கர்ணம் முதலிய பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது யாவரும் அறிந்ததே.

தாலுகா கஜானாவின் காப்பறைக்கு ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரு பூட்டுகள் உண்டு. ஒரு பூட்டின் சாவி பொக்கிஷதாரிடமும், மற்றதன் சாவி கஜானாவுக்குப் பொறுப்பான அதிகாரியிடமும் இருக்கும். இருவரும் நேரில் நின்றாலன்றிக் கதவு திறவாது. பொக்கிஷதார் பதவிக்கு வருபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். நாணயங்களை எண்ணி, கள்ள நாணயத்தைப் பிரித்து எடுக்கும் ஷராப்பு வேறு இருப்பார். வாயிலில் போலீஸ் காவல். இருப்புத் தொகையைக் குறித்த காலங்களில் மேலதிகாரி நேரில் எண்ணிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, அம்மாதக் கணக்கும் செலவுச்சீட்டுகளும் மாவட்டத்தின் வழியாகச் சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குச் செல்லும். அக்கணக்காயர் கலெக்டருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர்.

ரொக்கத்தை இரும்புப் பெட்டியில் வைக்கும் வேலை வங்கிகள் பெருகப் பெருகக் குறைந்தது. 1921-இல் இம்பீரியல் வங்கி ஏற்பட்டதும், அதன் கிளைகள் உள்ள ஊர்களில் அரசின் பணம் அங்கே வைக்கப்பட்டது. 1935-இல் ரிசர்வ் வங்கி தோன்றியது. 1955 ஜூலை முதல் நாள் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாயிற்று. இப்போது கருவூலத்தில் ரூபாய்க் கட்டுகள் குவிந்திருப்பதில்லை. சட்டத்துக்கும் ஆணைக்கும் ஏற்பப் பணம் தரலாமா என்று ஆராய்ந்து, கணினி வழியே வங்கிக்குச் சொல்வதே அதன் முதன்மையான வேலை. ஓய்வூதியர்களின் ஆண்டு நேர்காணலும், முத்திரைத்தாள் இருப்பும் அதன் பொறுப்பிலேயே உள்ளன. பல்லாண்டுகள் வருவாய்த்துறையின் பிடியில் இருந்த கருவூலங்கள், 1960-களின் தொடக்கத்தில் நிதித்துறையின்கீழ்த் தனித் துறையாயின. தண்டுபவரும் காப்பவரும் வேறாதல் அத்துடன் நிறைவு பெற்றது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் இதற்குமேல் ஒரு பூட்டையும் போட்டது. மாநிலத்தின் வருவாய் அனைத்தும் 266-ஆம் பிரிவின்படி ஒரே தொகுநிதியில் சேர்கிறது. சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றினாலன்றி அதிலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. முதலமைச்சரே விரும்பினாலும் இயலாது.

தடை சொல்லாத கருவூலம்

கருவூலம் தடை சொல்வது தொல்லை என்று எண்ணுவோர், தடை சொல்லாத கருவூலத்தின் கதையையும் கேட்க வேண்டும். அப்போது பீகார் மாநிலத்தில் இருந்த சாய்பாசா என்னும் ஊரின் கருவூலத்திலிருந்து, கால்நடைத் துறையின் பெயரால் 37 கோடி ரூபாய்க்கு மேல் பொய்ப் பட்டியல்கள் மூலம் எடுக்கப்பட்டது 1996 ஜனவரியில் வெளிப்பட்டது. வாங்காத தீவனம், இல்லாத மாடுகள், கொடுக்காத மருந்து. பட்டியல்களில் கையொப்பம் இருந்தது, முத்திரை இருந்தது. ஒதுக்கீட்டை மிஞ்சிய பட்டியல்கள் தொடர்ந்து வந்தபோது அவற்றைத் தடுக்க வேண்டிய கை தடுக்கவில்லை. வேறு கருவூலங்களிலும் இவ்வாறே நடந்திருந்தது பின்னர் தெரிந்தது. சாய்பாசா வழக்கில் முன்னாள் முதலமைச்சர் உள்படப் பலர் 2013-இல் தண்டிக்கப்பட்டனர். ஏழை உழவனின் மாட்டுக்குச் சேர வேண்டிய தீவனமோ திரும்பி வரவில்லை.

ஆகவே ஒரு பட்டியல் திரும்பி வரும்போது முதலில் பார்க்க வேண்டியவை சிலவே. செலவுக்கு உரிய அதிகாரியின் ஒப்பளிப்பு இருக்கிறதா? அத்தலைப்பில் ஒதுக்கீடு மீதம் உள்ளதா? வேலை அளவுப் புத்தகத்தில் பதியப்பட்டதா? கணக்குத் தலைப்பு சரியானதா? இவற்றில் ஒன்று குறைந்திருப்பின் கருவூலத்தாரைக் குறை கூறிப் பயனில்லை. அனைத்தும் சரியாக இருந்தும் பட்டியல் காலங்கடத்தப்பட்டால், அத்தடையை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை. வாய்மொழித் தடைக்குப் பணிந்து நடையாய் நடப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை.

ஊராட்சியின் பெட்டி

இனி நம் ஊருக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சிக்கு நிதி உண்டு; அதனை எடுக்க இரு கையொப்பம் வேண்டும். மன்றம் செயற்படும் காலத்தில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்தே ஒப்பமிட வேண்டும். தாலுகா கஜானாவின் இரண்டு சாவிகள்தாம் இவை. துணைத் தலைவர் வெற்றுக் காசோலைகளில் முன்னதாகவே ஒப்பமிட்டுத் தந்துவிடும் வழக்கம் சில ஊர்களில் இருந்ததுண்டு. நம்பிக்கையின் அடையாளம் என்று அதனைச் சொல்வார்கள். இரண்டு சாவிகளையும் ஒரே மடியில் கட்டிக்கொள்வதற்கு நம்பிக்கை என்று பெயரிடுவது பொருந்துமா? வலது கை அறியாமல் இடது கை கொடுக்கும் அறம் ஊர்ப் பணத்துக்கு ஆகாது.

பொதுநிதி ஒரு கணக்கிலும், மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரிய தொகை மற்றொரு கணக்கிலும், திட்ட நிதிகள் வேறு கணக்குகளிலும் வைக்கப்படுவதும் விளக்குக்கு விட்ட ஆடுகளைப் போன்றதே. கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இலட்சக்கணக்கானோர் வலம் வரும் இப்பகுதியில் குப்பை அள்ளவும் குடிநீர் தரவும் திடீர்ச் செலவு வருவது இயல்பு. அந்நெருக்கடியில் கையில் அகப்பட்ட கணக்கிலிருந்து எடுத்துச் செலவிடத் தோன்றும். பின்னால் மின்கட்டணம் கட்டப் பணமின்றி மோட்டார் நிற்கும்.

முன்பு நான் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில் ஊராட்சித் தலைவர் ஒருவர் இருந்தார். கடுங்கோடையில் குடிநீர் மோட்டார் பழுதானபோது, தன் கைப்பணத்தைப் போட்டு அன்றிரவே சரிசெய்தார். ஊரார் வாழ்த்தினர். பின்னர் அத்தொகையை ஊராட்சிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். பற்றுச்சீட்டு வாங்கவில்லை, மன்றத் தீர்மானமும் இல்லை. தணிக்கையில் அச்செலவு ஏற்கப்படாமல், அத்தொகையை அவரே திரும்பச் செலுத்த நேரிட்டது. அவர் ஒரு காசும் களவாடியவர் அல்லர் என்பதை ஊர் முழுவதும் அறியும். எனினும் அடுத்த தேர்தலில் எதிர்த்தரப்பினர் தணிக்கைத் தடையையே துண்டறிக்கையாக அடித்து விநியோகித்தனர். அவருக்கு மறுமொழி கூற ஒரு சிறு காகிதம் இல்லாமற் போயிற்று. அன்றிரவு மெக்கானிக்கிடம் வாங்கும் சீட்டும், அடுத்த கூட்டத்தில் பின்னேற்புத் தீர்மானமும் இருந்திருந்தால் அவர் தலைநிமிர்ந்து நின்றிருப்பார்.

உழவர்களுக்கு ஆண்டு என்பது பசலி. ஜூலை முதல் நாள் பிறந்து ஜூன் 30-இல் முடிவது. அரசின் நிதியாண்டோ 1867 முதல் ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஓராண்டுக்கென ஒதுக்கிய தொகை அவ்வாண்டுக்குள் செலவிடப்படாவிட்டால், பொதுவாக அவ்வொதுக்கீடு காலாவதியாகும். நிலம் காய்ந்து கால்வாய் வேலைக்கு ஏற்றதாயிருக்கும் மாதங்கள் கணக்கு முடியும் மாதங்களோடு மோதுவதால், மார்ச்சுக் கடைசியில் பட்டியல்கள் மலைபோல் குவிகின்றன. ஜனவரியிலேயே வேலையை அளந்து பட்டியல் அனுப்பும் ஊராட்சிகளுக்கு இத்தொல்லை இல்லை.

கிராமசபையில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது உறுப்பினரும் உழவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வங்கிக் கணக்கின் இருப்பும் ஒத்திருக்கின்றனவா? சென்ற தணிக்கையின் தடைகளில் எத்தனை இன்னும் தீராமல் உள்ளன? வீட்டுவரிக் கேட்பில் எவ்வளவு தண்டப்பட்டது, நிலுவை யார் யாரிடம்? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் தம் வீட்டு ரசீதைக் கையோடு கொண்டுவருவது நல்லது.