பெயர்ச்சுட்டு அணிகள்

கணினிக்கு இடும் கட்டளைகளை ஒழுங்குறத் தொகுத்து ஒரு கோப்பில் எழுதி வைப்பதை ஷெல் நிரல் என்பர். அதனைப் பயிலும் மாணவர் முதற்கண் அறிவது எண்வரிசை அணி. அதன் அறைகளுக்கு 0, 1, 2 என எண்களே அடையாளம். எண்ணுக்குப் பதிலாகச் சொல்லே அடையாளமாயின், அதனைப் பெயர்ச்சுட்டு அணி எனலாம். அகராதியில் சொல்லைத் தேடிப் பொருள் காண்கிறோம். பக்க எண்ணை நினைவிற் கொள்வதில்லை. இதுவும் அத்தன்மைத்தே.

இவ்வசதி புதிதன்று. 1977-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த ஆக் மொழியிலேயே இஃது உண்டு. பிரையன் பாக்ஸ் இயற்றி 1989-இல் வெளிவந்த பாஷ் ஷெல்லுக்கோ, 2009-இல் வந்த 4.0 பதிப்பிலேதான் இது வாய்த்தது.

எடுத்துக்காட்டொன்று காண்போம். எஸ்எஸ்எச் சேவைக்கு வாயில் எண் 22, எஸ்எம்டிபிக்கு 25, எச்டிடிபிக்கு 80. முதலில் ‘டிக்ளேர்’ என்னும் கட்டளையோடு ஒரு சிறுகோடும் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தும் சேர்த்து, அணியின் பெயரை அறிவித்தல் வேண்டும். பின்னர்ச் சேவையின் பெயரைச் சதுர அடைப்பினுள் இட்டு, சமக்குறிக்கு வலப்புறம் அதன் எண்ணை எழுதுக.

அறிவிப்பை விடுத்தால் விளையும் கேடு யாது? பாஷ் அதனை எண்வரிசை அணியென்றே கொள்ளும். அடைப்பினுள் உள்ள சொல்லை ஒரு மாறியின் பெயராகக் கருதி, அம்மாறிக்கு மதிப்பின்மையால் 0 எனக் கணக்கிடும். மூன்று எண்களும் 0-ஆம் அறையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக விழ, இறுதியில் வந்த 80 மட்டும் எஞ்சும். பின்பு எஸ்எஸ்எச்சின் எண்ணைக் கேட்பினும் 80 என்றே விடை வரும். பிழைச்செய்தி யாதும் தோன்றாது. காவற்சுவரில் 22-ஐ அடைக்கக் கருதியவர் 80-ஐ அடைத்து இணையத்தளத்தை முடக்குவர். அடைக்கவேண்டிய வாயிலோ திறந்தே கிடக்கும். சிறிய ‘ஏ’ எழுதினும் இதே கதி.

ஆப்பிள் கணினிகளோடு வரும் பாஷ் 3.2 பதிப்பு, பெரிய ‘ஏ’ எழுத்தை அறியாது. அறிவிப்பு வரியில் பிழை கூறிவிட்டு, அடுத்த வரிக்குச் சென்றுவிடும். ஆதலால் நிரலின் தொடக்கத்திலேயே பதிப்பைச் சோதித்தல் நன்று.

இன்னும் இரண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. நாம் இட்ட வரிசையிலேயே பெயர்கள் திரும்பி வரும் என்னும் உறுதியில்லை. வரிசை வேண்டின், தனியே அடுக்குதல் வேண்டும். குழாய்க்குறிக்குப் பின்வரும் சுழற்சியில் நிரப்பிய அணி, அச்சுழற்சி முடிந்தவுடன் மறையும். அஃது இயல்பாக வேறொரு துணை ஷெல்லில் நடப்பதே காரணம். கோப்பை நேரே சுழற்சிக்கு ஊட்டின் இக்குறை நீங்கும்.

ஒரே எழுத்தின் பெருமை சிறுமையில் ஒரு நிரலின் வாய்மை தங்கியிருத்தலை மாணவர் உணர்வாராக.