ரிவர்ஸ் போகக்கூடாத பாதை

வேதபாடம்
தியானப் பகுதி: எரேமியா 31:21, யாத்திராகமம் 13:17,18, உபாகமம் 22:8



போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரி கண்ணீரோடு வந்து நின்றார்கள். "ஐயா, பையன் கம்பெனி வேன் ஓட்டப் போறான். அவுட்டர் ரிங் ரோட்டுலயாம். நைட் ஷிப்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு வரணுமாம். எனக்கு ராத்திரி தூக்கமே வரல, ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். ஜெபித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனதில் ஒரு பாரம். நம்முடைய கனகம்மாசத்திரம், திருவாலங்காடு, திருத்தணி பக்கத்து வாலிபர்கள் எத்தனையோ பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனி வேனில் போய் வருகிறார்கள். ஓட்டுகிறவனும் நம்ம பிள்ளை, உட்கார்ந்து போகிறவனும் நம்ம பிள்ளை. அவர்களுக்காக இந்த மாதம் வேதபாடத்தை ரோட்டிலிருந்தே எடுக்கிறேன்.

எரேமியா 31:21-ஐத் திறந்து வாசியுங்கள். சிறைப்பட்டுப் போகிற ஜனத்தைப் பார்த்துக் கர்த்தர் என்ன சொல்கிறார்? போகிற வழியெல்லாம் அடையாளம் வை, தூண்களை நாட்டு, நடந்து போகிற பெரும்பாதையை மனதில் பதித்துக்கொள், திரும்பி வரவேண்டியிருக்கிறது என்கிறார். இங்கே பெரும்பாதை என்ற இடத்தில் எபிரெய மொழியில் உள்ள வார்த்தை "மெசில்லா". மண்ணைக் கொட்டி மேடாக்கிப் போட்ட சாலை என்று அர்த்தம். சாதாரண ஒற்றையடிப் பாதை அல்ல. பக்கத்து வயலிலிருந்து நினைத்த இடத்தில் மாடு ஏறிவிட முடியாது, வண்டியும் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. ஏறுவதற்கு ஒரு இடம், இறங்குவதற்கு ஒரு இடம்.

அவுட்டர் ரிங் ரோடும் ஒரு மெசில்லாதான். வண்டலூரில் ஆரம்பித்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-லும், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-லும் திறந்தார்கள். பெங்களூர் ரோட்டை நசரத்பேட்டையில் தாண்டுகிறது (பேரைக் கேட்டாலே நம்ம ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம்!). நம்ம திருப்பதி ரோட்டை நெமிலிச்சேரியில் தாண்டுகிறது. திருநின்றவூர் தாண்டி மேலே பாலம் தெரிகிறதே, அதுதான்.

நம்ம ரோடு வேறே மாதிரி. பழைய 205-ம் நம்பர், இப்போது 716. சத்திரம் என்று நம்ம ஊருக்குப் பேரே இருக்கிறது, வழிப்போக்கன் நின்று இளைப்பாறுகிற இடம். டீக்கடையைப் பார்த்தால் நிறுத்துவோம். சொந்தக்காரரைப் பார்த்தால் நிறுத்துவோம். திருப்பத்தை விட்டுவிட்டால் நாலு அடி பின்னால் எடுத்துத் திருப்புவோம், பின்னால் வருகிறவனும் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போவான். இந்தப் பழக்கத்தோடேயே நம்ம பிள்ளை ஆறு வழிப் பாதையில் ஏறுகிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, தேவபிள்ளையே.

வலது பக்கம் போக இடது பக்கம் திரும்பு

மெயின் ரோடும் மெயின் ரோடும் சந்திக்கிற இடத்தில் சிக்னல் வைக்காமல் மேலும் கீழுமாகப் பாலம் போட்டு, நாலு மூலையிலும் நாலு வட்டம் போட்டிருப்பார்கள். க்ளோவர் பாலம் என்கிறார்கள். ஏரிக்கரையில் ஆரைக்கீரை பறித்திருக்கிறீர்களா? ஒரு காம்பில் நாலு இலை. மேலே இருந்து பார்த்தால் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் என்கிற பொறியாளர் 1916-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1929-ல் நியூஜெர்சி மாநிலத்தில் உட்பிரிட்ஜ் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் க்ளோவரைக் கட்டினார்கள். நம்ம சென்னையில் 1973-ல் முதல் மேம்பாலமாக ஜெமினி பாலம் வந்தது. கத்திப்பாராவில் இந்த ஆரைக்கீரை வடிவம் 2008-ல் திறக்கப்பட்டது.

இதில் புதிதாக வருகிறவனுக்கு ஒன்று புரியாது. வலது பக்கம் போகவேண்டியவன் வலது பக்கம் ஒதுங்கக் கூடாது! இடது ஓரமாகவே வரவேண்டும். போகவேண்டிய ரோட்டைப் பாலத்தில் தாண்டிவிட வேண்டும். "ஐயோ, தாண்டிட்டோமே" என்று தோன்றும். தாண்டின பிறகு இடது பக்கம் ஒரு வட்டம் பிரியும். அதில் முக்கால் சுற்று சுற்றினால், போகவேண்டிய ரோட்டில் போகவேண்டிய திசையில் கொண்டுபோய் விடும். எதிர்வண்டி ஒன்றையும் குறுக்கே கடக்காமல் வந்து சேர்ந்துவிடலாம். சுற்றுதான், ஆனால் யாரும் யார்மேலும் மோதாத சுற்று.

யாத்திராகமம் 13:17,18 இதைத்தானே சொல்கிறது? எகிப்திலிருந்து கானானுக்குப் பெலிஸ்தர் தேசத்து வழி கிட்டின வழி. தேவன் அதிலே அவர்களை நடத்தவில்லை. யுத்தத்தைக் கண்டால் ஜனங்கள் மனமடிந்து எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஆகவே வனாந்தரத்து வழியாய்ச் சுற்றிப்போகப் பண்ணினார். வரைபடம் இல்லாத ஜனத்துக்கு அது வழி தப்பினதாகவே தெரிந்திருக்கும். மேகஸ்தம்பத்தை அனுப்பினவருக்கோ பாதை முழுவதும் தெரியும். "ஜெபிச்சேன், கர்த்தர் எதிர்த்திசையில கொண்டு போறாரே" என்று புலம்புகிற சகோதரனே, நீ இப்போது வட்டத்தின் பாதியில் இருக்கிறாய். ஸ்டியரிங்கை நேராக்கி விடாதே.

வட்டத்தில் ஏறும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், உள்ளே போய்க் குறைக்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளிப்பக்கம் தள்ளுகிற விசை நாலு மடங்காகும். ஆள் நிறைந்த வேன், மேலே லக்கேஜ், 60-ல் வளைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு இடம் ரொம்ப ஜாக்கிரதை: ஒரு வட்டத்திலிருந்து உள்ளே வருகிறவனும், அடுத்த வட்டத்துக்கு வெளியே போகிறவனும் பாலத்தின் பக்கத்தில் ஒரே சின்ன இடத்தைப் பங்குபோடுகிறார்கள். அவன் வேகம் கூட்டுகிறான், நீ குறைக்கிறாய். அங்கே இண்டிகேட்டர் போடு, மிரரைப் பார், தலையைத் திருப்பியும் ஒருமுறை பார். மிரரில் தெரியாத பைக் அங்கேதான் இருக்கும்.

தப்பிவிட்டால்?

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். இறங்குவழியைத் தவற விட்டால் என்ன செய்வது?

ஒருமுறை தாம்பரம் பக்கத்துக் கன்வென்ஷன் முடிந்து வாடகை வேனில் வந்துகொண்டிருந்தோம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். உள்ளே பதினாலு பேர், அதில் நாலு பிள்ளைகள். டிரைவர் தம்பி பேச்சு சுவாரசியத்தில் நெமிலிச்சேரி இறக்கத்தை விட்டுவிட்டார். உடனே ஓரம் கட்டி ரிவர்ஸ் கியரைப் போட்டார். "தம்பி, வேண்டாம், முன்னால போங்க" என்றேன். "பாஸ்டர், நூறு மீட்டர்தான், ரோடு காலியாதான் இருக்கு" என்கிறார். பின்னால் வெளிச்சம் தெரிந்தது. ஒரு டிரெய்லர். அது எங்களைத் தாண்டிப் போனபோது வேன் ஆடின ஆட்டத்தில் தூங்கின பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னாலேயே போய் அடுத்த இறக்கத்தில் இறங்கி, திரும்பி வந்து சேர்ந்தோம்.

கணக்குப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் உன்னைப் பார்த்து, இது முன்னால் போகிற வண்டி அல்ல, பின்னால் வருகிற வண்டி என்று புரிந்துகொள்வதற்கே இரண்டு வினாடி. 44 மீட்டர் போய்விட்டது. பிரேக் இன்னும் பிடிக்கவேயில்லை. ராங் சைடில் ஓட்டுவதையும் மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் 2019-ல் ஆபத்தான ஓட்டுதல் என்றே சேர்த்துவிட்டார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆவிக்குரிய ஜீவியத்தில் எத்தனை பேர் ரிவர்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறோம்! "அன்னைக்கு அந்த வேலைக்குப் போயிருந்தா..." "அந்தச் சம்பந்தத்தை முடிச்சிருந்தா..." "பத்து வருஷம் முன்னாடி ஊழியத்துக்குக் கூப்பிட்டப்பவே வந்திருந்தா..." பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் இருக்கிற குடும்பத்தையும் பிள்ளைகளையும் மோதலுக்குள் கொண்டுபோகிறோம். மனந்திரும்புதல் என்பது ரிவர்ஸ் கியர் அல்ல. கெட்ட குமாரன் பன்றிகளைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்து தகப்பன் வீட்டுக்கு வரவில்லை. எழுந்தான், முகத்தைத் திருப்பினான், நேராக நடந்தான். பின்னிட்டுப் பார்த்த லோத்தின் மனைவி வழியிலேயே நின்றுபோனாள்.

யோனாவைப் பாருங்கள். நினிவேக்குப் போகிற வழியைத் தெரிந்தே விட்டுவிட்டான். தர்ஷீசுக்குக் கப்பலேறினான், கூலியும் கொடுத்தான் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது (யோனா 1:3). தப்பான ரோட்டுக்கும் டோல் உண்டு! மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்தான். ஆனாலும் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் அவனுக்கு உண்டாயிற்று. அடுத்த இறக்கம்! தூரம் கூடும், டீசல் செலவாகும், வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் கர்த்தர் போட்ட பாதையில் ஒரே ஒரு இறங்குவழிதான் என்று யார் உனக்குச் சொன்னது? சத்துருதான் சொன்னான்.

இறங்குவழியைத் தவறவிடாமல் இருக்க, முதல் போர்டைப் பார்த்த உடனே இடது லேனுக்கு வந்துவிடு. பிரிகிற இடத்தில் வந்து முடிவெடுக்கிறவன் தானும் கெட்டு மற்றவனையும் கெடுக்கிறான். பச்சைப் போர்டு நமக்கு எரேமியா சொன்ன தூண். அது இறக்கத்துக்கு முன்னாலேயே நிற்கிறது, நிற்கிற இடத்திலேயே கிருபை இருக்கிறது.

எண்ணெய் பூசினால் போதுமா?

புது வண்டி வந்தால் என்னைக் கூப்பிடுகிறீர்கள், சந்தோஷமாக வருகிறேன், எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். டயரையும் ஒருமுறை குனிந்து பார்க்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. "கர்த்தர் காப்பார் பாஸ்டர், சீட் பெல்ட் எதுக்கு" என்று ஒரு விசுவாசி கேட்டார். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள், குதி என்று சங்கீதத்தைக் காட்டிச் சொன்னது யார் என்று மத்தேயு 4-ம் அதிகாரத்தில் பாருங்கள். ஆண்டவர் குதிக்கவில்லை. உபாகமம் 22:8-ல் புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடி பார்த்துக்கொள் என்று கட்டளையே இருக்கிறது. செங்கடலைப் பிளந்த தேவன் மாடியிலிருந்து விழுகிறவனைத் தாங்கமாட்டாரா? தாங்குவார். ஆனாலும் சுவர் கட்டச் சொன்னார். பெல்ட்டும், பின்னால் எரிகிற சிவப்பு விளக்கும் நம்ம காலத்துக் கைப்பிடிச்சுவர்.

ராத்திரியில் ஓரமாக விளக்கு இல்லாமல் நிறுத்திவைத்த லாரிகள் பெரிய கண்ணி. இடது லேனில் போகும்போது ஹெட்லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம் மட்டும் போ. உன் வண்டி நின்றுபோனால் நாலு விளக்கையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்து, ஆட்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்து. வண்டிக்குப் பின்னால் நின்று டயர் மாற்ற வேடிக்கை பார்க்கவிடாதே.

இன்னொன்று. புரட்டாசி மாதம் நம்ம ரோட்டில் திருப்பதிக்கு நடக்கிற ஜனங்கள் ராத்திரியிலும் ஓரமாகப் போவார்கள். நம்ம விசுவாசம் வேறே. ஆனால் அந்த உயிர்களுக்கு நீ கர்த்தர் முன்பாகக் கணக்குக் கொடுக்கவேண்டும். பெரிய ரோட்டில் 80-ல் பழகின கால் திருவள்ளூர் தாண்டியும் அதே வேகத்தைத் தேடும், காலை எடு. யெகூவை அவன் ஓட்டுகிற வேகத்தை வைத்தே ஜாமக்காரன் அடையாளம் கண்டான் (2 இராஜா. 9:20). விசுவாசியின் பிள்ளைக்கு அந்தச் சாட்சி வேண்டாம்.

நம்முடைய சபை வேன் விஷயத்தில் மூப்பர்களோடு பேசி ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ராத்திரிப் பிரயாணத்தில் டிரைவர் பக்கத்து சீட்டில் தூங்காத ஒரு சகோதரர் உட்காரவேண்டும். அவர் பாட்டுப் பாடலாம், ஜெபிக்கலாம், ஆனால் கண் திறந்திருக்கவேண்டும். போர்டை வாசித்து "தம்பி, அடுத்த இறக்கம் நமக்கு" என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். டிரைவருக்குக் கண் சொருகினால் கன்வென்ஷன் பிந்தினாலும் பரவாயில்லை, டோல்கேட் தாண்டி வெளிச்சமான இடத்தில் அரை மணி நேரம் படுக்கவிடுங்கள். அந்த சீட்டுக்கு இந்த மாதம் பேர் கொடுக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லவும்.