தூரமும் நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துவிட்டால் பிரயாண நேரம் கிடைத்துவிடும் என்றும், போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுமானால் அதற்குப் பூமி சுழல்வதே காரணம் என்றும் கற்றோரிடையிலும் வேரூன்றிய நம்பிக்கைகள் இரண்டு உண்டு. இவற்றைப் பரிசீலிப்பதற்கு டில்லிக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் இடையிலான ஆகாய மார்க்கத்தைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

பூகோள உருண்டையின் மேல் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அந்த நூல், தட்டையான தேசப்படத்தில் நாம் வரையும் கோட்டைப்போல் ஓடாமல், இமயத்தையும் சைபீரியாவையும் தாண்டி ஆர்க்டிக் பிரதேசத்துக்குள் புகுந்து இறங்கும். அவ்வழியின் நீளம் ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். ஆயினும் ஏர் இந்தியா விமானம் மேற்கே திரும்பி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் அது கிழக்கே திரும்பிப் பசிபிக் சமுத்திரத்தின் மேல் சுமார் 15,300 கிலோமீட்டர் பறந்தது. தூரம் இவ்வளவு கூடியும், பிரயாணம் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

இந்த அதிசயத்துக்குக் காரணம், பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஓயாது விரையும் ஜெட் காற்றோட்டம். ஜப்பானிய வானிலை ஆராய்ச்சியாளரான வாஸபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்து, 1926இல் எஸ்பெராந்தோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அந்த உழைப்பை மேல்நாட்டார் பெரும்பாலும் கவனியாது விட்டது வருந்தத்தக்கது. 1944இல் ஜப்பானை நோக்கி அவ்வுயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள்தாம் அதன் வேகத்தைப் பிரத்தியட்சமாக உணர்ந்தார்கள்.

பூமியின் சுழற்சியை நேர்க் காரணமாகக் காட்டுவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். டில்லி அமைந்த அட்சரேகையில் பூமி மணிக்கு 1,450 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. வாயுமண்டலம் பின்தங்கிவிட, பூமி மட்டும் கீழே நழுவிச் செல்வது உண்மையானால், மேற்கே போகிறவனை நோக்கி அவன் சேரவேண்டிய ஊரே விரைந்து வரும். அவன் பிரயாணமன்றோ குறுகவேண்டும்? நிகழ்வதோ இதற்கு நேர்மாறு. நிலத்தோடு காற்றும், காற்றிலுள்ள விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. சுழற்சிக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. உஷ்ணப் பிரதேசத்திலிருந்து துருவத்தை நோக்கி எழும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது அதுவே.

ஆகவே வழி வகுப்போர் அன்றன்றைய காற்றைக் கணக்கிட்டே பாதையை நிர்ணயிக்கிறார்கள். 2017ஆம் ஆண்டில், முற்றிலும் பெண்களே பணியாற்றிய ஏர் இந்தியா விமானம் ஒன்று டில்லியிலிருந்து பசிபிக்கின் மேலாக ஸான் பிரான்ஸிஸ்கோ சென்று, அட்லாண்டிக்கின் மேலாகத் திரும்பிற்று; போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு.