ஸ்ரீபெரும்புதூரின் இலைப் பாறைகள்

முகப்பேர் மேற்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

சென்னைக்கு மேற்கே ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வண்டல் மண்ணுக்கு அடியில் பழைய களிப்பாறை அடுக்குகள் கிடக்கின்றன. சில இடங்களில் அவை நிலத்துக்கு மேலேயும் தெரியும். நிலவியலில் இவற்றுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் படிவு என்று பெயர். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை இவை. அந்த முற்பகுதி ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 10 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்துத் தமிழ்நாட்டின் செடிகொடிகளை அறிய இந்தப் பாறைகள் முதன்மையான சான்று.

இவை உருவானதற்குக் காரணம் ஒரு பெருங்கண்டத்தின் உடைவு. இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவை ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன. அது பிரியத் தொடங்கியபோது இந்தியாவின் கிழக்கு விளிம்பு இழுபட்டு, நீண்ட பிளவுகள் விழுந்தன. பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்ந்து பள்ளமானது. காவிரிப் படுகை, பாலாற்றுப் படுகை, கிருஷ்ணா - கோதாவரிப் படுகை எல்லாம் அப்படிப் பிறந்தவை. மேற்கிலிருந்து ஓடிவந்த ஆறுகள் பாலாற்றுப் படுகையில் மணலையும் சேற்றையும் கொட்டின. கிழக்கிலிருந்து ஆழமற்ற கடலும் அதற்குள் நுழைந்தது.

பாறைகளின் வரிசை இந்த வரலாற்றை ஒட்டியே அமைந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை மிகத் தொன்மையான நைஸ், சார்னோகைட் பாறைகள். பல்லாவரம் குன்றுகளும் பரங்கிமலையும் அந்தச் சார்னோகைட்டின் வெளித்தெரியும் பகுதிகள். அதன்மேல் களிப்பாறையும் மணற்பாறையும் மாறிமாறி அமைந்த ஸ்ரீபெரும்புதூர்ப் படிவு. அதற்கும் மேலே, உருண்டைக் கற்கள் இறுகிச் சேர்ந்த திரட்டுப் பாறையும் மணற்பாறையும் கொண்ட சத்தியவேடு படிவு. கடைசியாகச் செம்புறைக் கல்லும் ஆற்று வண்டலும். சென்னையின் மேற்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடும்போது வண்டலைத் தாண்டியதும் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை தட்டுப்படுவது இதனால்தான். வெயிலும் மழையும் பட்ட இடங்களில் அதே பாறை வெளுத்து, வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ தோன்றும்.

இந்தப் பாறையின் செல்வம் இலைகள். ஆற்றில் அடித்து வரப்பட்ட இலை அமைதியான நீரில் அடியில் தங்கும். மெல்லிய சேறு உடனே மூடிவிட்டால் காற்றுப் படாமல் அழுகல் தடைபடும். மேலே மேலே சேறு குவிய, அதன் எடையில் இலை நசுங்கித் தன் வடிவத்தைச் சேற்றில் பதிக்கும். சேறு பாறையாக இறுகிய பின்னும் இலை கிடந்த தளம் வலுவற்றதாகவே இருக்கும். உளியால் பக்கவாட்டில் தட்டினால் பாறை ஏடு ஏடாகப் பிரிந்து, ஓர் ஏட்டில் இலையின் மேடும் எதிர் ஏட்டில் அதன் பள்ளமும் கிடைக்கும்.

இங்கே அடிக்கடி கிடைப்பது டைலோஃபில்லம். நடுவில் ஒரு காம்பு. அதன் மேற்புறத்தில் இரு வரிசையாக நெருக்கமாக ஒட்டிய குறுகிய சிற்றிலைகள். சிற்றிலைக்குள் இணையாக ஓடும் நரம்புகள். தோட்டங்களில் வளரும் சைக்கஸ் இலையை இது ஒத்திருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம் அல்ல. இது பென்னெட்டிட்டேல்ஸ் என்ற, முற்றிலும் அழிந்துபோன தாவர வரிசையைச் சேர்ந்தது. இலையின் மேல்தோல் கெடாமல் இருந்தால், நுண்ணோக்கியில் இலைத்துளைகளின் அமைப்பைப் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம். டைலோஃபில்லத்துடன் டீனியாப்டெரிஸ் என்ற நீள இலையும், பெரணிகளும், ஊசியிலை மரங்களின் கிளைகளும் கிடைக்கின்றன. அக்காலத்துத் தாவர உண்ணி டைனோசர்களின் தீவனம் இந்த வகைச் செடிகள்தாம்.

இதே தாவரக் கூட்டம் ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலையிலும் உண்டு. அங்கே கிடைத்த தண்டு, இலை, மலர் போன்ற உறுப்பு ஆகியவற்றை இணைத்து, டைலோஃபில்லம் இலை தாங்கிய முழு மரத்தின் தோற்றத்தை 1932இல் வரைந்து காட்டியவர் பீர்பல் சாஹ்னி. அவர் பெயரால் லக்னோவில் தொல்லறிவியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரின் தனிச்சிறப்பு, நிலத்து இலைகளோடு கடல்வாழ் உயிர்களும் கிடைப்பது. சிப்பிகள், அம்மோனைட்டுகள், ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆகியவை இங்கே பதிவாகியுள்ளன. காடும் கடலும் அருகருகே இருந்ததற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இப்பகுதியை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. சென்னை, வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றிய அவர் அறிக்கை 1873இல் வெளிவந்தது. சென்னைக் கடற்கரைப் பகுதியின் இலைப் படிவங்களை 1879இல் விவரித்தவர் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டெல். கைக்கோடரிக்கும் இப்பாறைகளுக்கும் தொடர்பு உண்டு. திரட்டுப் பாறையிலிருந்து உதிர்ந்த குவார்ட்சைட் கற்களே ஆதிமனிதர்களின் கருவிகளுக்கு மூலப்பொருள். கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அவர்கள் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைச் செதுக்கினார்கள்.

டைனோசர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தமிழ்நாட்டில் அவற்றின் எலும்புகள் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்துள்ளன. அவை கிரெட்டேசியஸின் இறுதிக் காலத்தவை. ஸ்ரீபெரும்புதூர் இலைகளைவிட மிகவும் இளையவை.

சாலைகளும் கட்டடங்களும் பெருகப் பெருக, வெளித்தெரியும் பாறைகள் மூடப்பட்டு வருகின்றன. கிணறோ அடித்தளமோ தோண்டும்போது வெளிவரும் ஏடுகளுக்கு அதனால் மதிப்பு அதிகம். கிடைத்த இடம், ஆழம், அடுக்கு ஆகிய மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, இரு ஏடுகளையும் சேர்த்துச் செய்தித்தாளில் பொதிய வேண்டும். தண்ணீரில் கழுவக் கூடாது. களிப்பாறை கரைந்து உதிரும். இடக்குறிப்பு இல்லாத படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது. குறிப்போடு சேர்ந்த உடைந்த இலைகூட ஒரு கல்லூரி நிலவியல் துறையில் பாதுகாக்கத் தக்கது.

அன்புடன்,
பெரியப்பா