குறை சொல்லும் அன்பும் கேட்கும் பணிவும்



பாடுவது ஒரு கலை. பாடியதைப் பிறர் முன் வைப்பது ஒரு துணிவு. "கேட்டீர்களா? எப்படி இருக்கிறது?" என்று வினவுகின்றவளுக்கு உண்மையான மறுமொழி கூறுவதோ ஓர் அறச்செயல். இம்மூன்றில் முதலிரண்டைப் பற்றிப் பலரும் பேசுவர். மூன்றாவதைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே அதனை இன்று ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

நம் தொப்பம்பட்டியில் நான்கு தோழியர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பாட்டெழுதுகிறாள், ஒருத்தி மெட்டமைத்துப் பாடுகிறாள், மூன்றாமவள் கீபோர்டு வாசிக்கிறாள், நான்காமவளுக்குத் தபேலா தெரியும். கோடை விடுமுறையில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, தேவ அன்னையின் மீது ஐந்து பாடல்களைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து, ஒரு தொகுப்பாக்கி உங்களிடம் தருகிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பத்துப் பேரில் எட்டுப் பேர் "பிரமாதம்!" என்று கூறி நகர்ந்துவிடுவர். மீதியுள்ள இருவர், "உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிப்பர். முதல் மறுமொழியால் அந்த நால்வரும் எதையும் கற்பதில்லை. இரண்டாவது மறுமொழியால் அவர்கள் பாடுவதையே விட்டுவிடக் கூடும்.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. நான் மாணவியாயிருந்த நாட்களில் என் வகுப்புத் தோழி ஒருத்தி, தானே இயற்றிய பாடலைத் தன் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து என்னிடம் போட்டுக் காட்டினாள். பாட்டின் நடுவே சேவல் கூவியது. நான் அடக்க மாட்டாமல் சிரித்து, "சேவல்தான் சுருதியோடு பாடுகிறது" என்றேன். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பாடல் இயற்றவில்லை, பாடற்குழுவுக்கும் வரவில்லை. அந்தப் பாட்டின் மெட்டு நல்ல மெட்டு என்பதை நான் அவளிடம் சொல்லவேயில்லை. குறை சேவலிடம் இருந்தது, பாட்டில் இல்லை. இதை நான் உணர்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

அவையோர் முன் வைத்த முன்னோர்

தம் படைப்பைப் பிறர் சோதனைக்கு வைப்பது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. இலக்கணம் வகுத்தவரே தம் நூலை ஓர் ஆசானுக்குக் குற்றமறத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது! தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோர் துணை இல்லாத அரசனை வீழ்த்தப் பகைவர் வேண்டியதில்லை, அவன் தானே அழிந்துபோவான் என்பது வள்ளுவர் கருத்து. அரசனுக்குச் சொன்னது பாடகிக்கும் பொருந்தும்.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). பின்னர் தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ் பெற்ற அவர், தமிழிசையின் சுருதிகளைப் பற்றி ஆராய்ந்தார். ஆராய்ந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டு மகிழவில்லை. 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, இசைவாணர்களைத் தம் செலவிலேயே தஞ்சைக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். மாற்றுக் கருத்துடையோரையும் பேசவிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், அவருடைய கொள்கையை விளக்க அவருடைய புதல்வியர் பாடியும் வீணை வாசித்தும் காட்டினர். இத்தனை சோதனைக்குப் பின்னரே 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூல் வெளிவந்தது. கற்றோர் நிறைந்த சபையில் அக்காலப் பெண்கள் பாடிக் காட்டினார்கள் என்றால், நம் பள்ளிப் பெண்கள் ஒரு கருத்துரைக்கு அஞ்சலாமா?

கூடமே ஒலிப்பதிவுக் கூடம்

"வீட்டில் பதிவு செய்தது எங்கே உருப்படப் போகிறது?" என்று எண்ணாதீர்கள். இளமையில் நண்பர்களோடு சிறு இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரஹ்மான், 1989-இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் அங்கேதான் உருவாயின. முதல் படத்திலேயே தேசிய விருது கிடைத்தது. ஆனால் அதற்கு முன் அவர் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் பயின்றவர் என்பதை மறக்கக் கூடாது. அதே தன்ராஜ் மாஸ்டரிடம்தான், பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன்மாரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து சென்னைக்கு வந்த இளையராஜாவும் மேலைநாட்டு இசையைக் கற்றார். இருவருக்கும் பிறவித் திறன் இருந்தது. திருத்துவதற்கு ஓர் ஆசிரியரும் இருந்தார்.

அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பாடகர், 1982 ஜனவரியில் தம் வீட்டு அறையில் நான்கு தடங்கள் கொண்ட சிறு கேசட் கருவியில் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பின்னர் தம் இசைக்குழுவோடு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அவற்றைப் பாடிப் பார்த்தபோது, வீட்டுப் பதிவில் இருந்த உயிர் அதில் இல்லை. ஆகவே அந்தக் கேசட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக அவ்வாண்டே வெளியிட்டனர். பதிவின் குறை வேறு, பாட்டின் நிறை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சேவலைக் கேட்டுச் சிரித்த எனக்கு அன்று தெரியாமல் போனது இதுதான்.

கேட்பது எப்படி?

கருத்துக் கூறுமுன் முழுவதும் கேட்க வேண்டும், அதுவும் இருமுறை. முதல் முறை ஒன்றும் குறிக்காமல் கேளுங்கள். பாட்டு உங்களைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்.

முதற் கேள்வி: பாட்டு எப்படி? சொல்லும் மெட்டும் ஒன்றோடொன்று இசைகின்றனவா? தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றிவிடும். மெட்டுக்காகக் குறிலை நீட்டினால் 'வனம்' 'வானம்' ஆகும். நெடிலைக் குறுக்கினால் 'பாலன்' 'பலன்' ஆவார். 'செபமாலை' 'செபமலை' ஆகிவிடும். 'தாமரை' என்ற சொல்லில் 'தா' என்று நிறுத்தி மூச்சு வாங்கினால், எஞ்சி நிற்பது 'மரை' என்னும் மான் அன்றோ!

இரண்டாம் கேள்வி: பாடுவது எப்படி? சுருதி எங்கே விலகுகிறது? தாளம் எங்கே ஓடுகிறது? லகர, ளகர, ழகரங்கள் தெளிவாக ஒலிக்கின்றனவா? இயேசுவே 'வழி' என்று பாட வேண்டியவள் 'வலி' என்று பாடினால், கேட்பவர் திகைக்க மாட்டாரா?

மூன்றாம் கேள்வி: பதிவு எப்படி? சிமெண்டுத் தளமும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒலி மோதித் திரும்புவதால் சொற்கள் கலங்கும். நாலு போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டால் அது பெரிதும் குறையும். கருவியை வாயருகே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் மூச்சு வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் சரியாகும். மின்விசிறியின் இரைச்சல், தெருவில் போகும் பேருந்தின் ஒலி, தபேலா குரலை மூடிவிடுவது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம்.

குறையை இப்படிப் பிரித்துச் சொன்னால் பாடியவளுக்கு எங்கே கை வைப்பது என்பது தெரியும். பிரிக்காமல் "நன்றாயில்லை" என்றால், தன்னையே நன்றாயில்லை என்றதாக அவள் எடுத்துக்கொள்வாள்.

சொல்வது எப்படி?

தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியே சென்று பேச வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததை மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பாட்டில் பிழை விடுவது பாவமன்று. எனினும் வழி அதுவே. நிறையைப் பலர் முன்னே சொல்லுங்கள். குறையைத் தனியே சொல்லுங்கள்.

பொதுவாகப் பேசாமல் இடத்தைச் சுட்டுங்கள். "மூன்றாம் பாட்டில் இரண்டாம் சரணத்தின் முதலடி எனக்கு விளங்கவில்லை, தபேலா மேலோங்கி ஒலித்தது" என்பது கருத்து. "ஏதோ குறைகிறது" என்பது கருத்தன்று. பாராட்டுக்கும் இதே விதிதான். "அருமை" என்பதைவிட, "கடைசிப் பாட்டில் வாத்தியங்கள் நின்று குரல் மட்டும் ஒலித்த இடத்தில் நான் அசையாமல் இருந்தேன்" என்று கூறினால், அந்த இடத்தை அவள் இனி விடமாட்டாள்.

பொய்யான புகழ்ச்சி இனிமையாயிருக்கும், ஆனால் அன்பாகாது. பகைவன் தரும் முத்தங்களைவிட நண்பன் உண்டாக்கும் காயம் நம்பத்தக்கது என்னும் பொருளில் நீதிமொழிகள் நூல் பேசுகிறது. நாம் மனம் நோகாமல் புகழ்ந்து அனுப்பிய பெண், அதே பிழையோடு திருவிழா மேடையில் ஏறி ஊர் முன் நாணினால், அதில் நமக்கும் பங்குண்டு.

ஏற்பது எப்படி?

இனிப் பாடியவளுக்குச் சில சொற்கள். நம் குரல் நமக்கு எலும்பின் வழியாகவும் கேட்பதால், பதிவில் அது வேறொருவர் குரல்போல ஒலிக்கும். பலமுறை கேட்டுப் பழகிவிட்டால் பிழையும் காதில் விழாது. சொற்கள் நமக்கு மனப்பாடமாகையால், தெளிவில்லாத சொல்லும் தெளிவாகவே தோன்றும். ஆகவே புதிய காது ஒன்று வேண்டும். அதைத் தருபவர் நமக்கு உதவி செய்கிறார்.

ஒருவர் குறை சொல்லும்போது குறுக்கிடாதே. "அன்று மின்சாரம் போய்விட்டது, தொண்டை கட்டியிருந்தது" என்று காரணம் அடுக்காதே. கேட்பவர் காதுக்குக் காரணங்கள் தெரியப் போவதில்லை. குறித்துக்கொள். விளங்காவிட்டால் "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேள். நன்றி கூறு. பிறகு இரண்டு நாள் ஆறவிட்டு, அந்த இடங்களை மீண்டும் கேட்டுப் பார்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. மூவர் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று கொள். ஒருவர் மட்டும் சொன்னால் எண்ணிப் பார். உன் மனச்சாட்சிக்கு ஒவ்வாவிட்டால் விட்டுவிடு. முடிவு செய்ய வேண்டியவள் நீயே. யாரேனும் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்புக்காக மட்டும் பாட்டை விட்டுவிடாதே. ஒருவேளை அவள் சேவலைக் கேட்டுத்தான் சிரித்திருப்பாள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: "பாட்டுச் சோறு போடுமா?" என்று கேட்குமுன், மகளின் பதிவை ஒரு முறையேனும் முழுவதும் கேளுங்கள்.

1963 டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது. அன்று முதல் நம் ஆலயங்களில் தமிழ்ப் பாடல்கள் பெருகின. அவை இன்னும் பெருக வேண்டுமானால் பாடுவோர் மட்டும் போதாது. அன்போடு கேட்டு உண்மை சொல்வோரும் வேண்டும். இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அந்நாளில் பாட வரம் கேட்கும் நாம், பிறர் பாட்டைச் செவ்வனே கேட்கும் வரத்தையும் சேர்த்தே கேட்போமாக.

பயிற்சி

1. உன் தோழி ஒருத்தி பாடிய பாடலைப் பதிவு செய்து இருமுறை கேள். பாட்டு, பாடுதல், பதிவு என்ற மூன்று தலைப்புகளில் ஒரு நிறையும் ஒரு குறையும் எழுதி அவளிடம் தனியே கொடு.

2. உன் குரலையே பதிவு செய்து, அன்றும் இரண்டு நாள் கழித்தும் கேள். இரண்டாம் முறை புதிதாகக் காதில் விழுந்த பிழைகளைக் குறித்து வை.

3. 'வனம், வானம்' போல, மெட்டு நீள்வதால் பொருள் மாறும் ஐந்து சொல் இணைகளைத் திரட்டு.